சயாமுக்குக் கொண்டுபோன தண்ணீர்

நம் பத்திரிகையின் பொறுப்பாசிரியர், "மலேசியாவும் தாய்லாந்தும் குடும்பத்தோடு போய் வந்தீர்களே, கண்டவற்றை எழுதிக் கொடுங்கள்" என்று நெடுநாளாகக் கேட்டு வருகிறார். கண்டவற்றை எழுதுவது கடினமன்று. சிலை இத்தனை அடி, படி இத்தனை, கட்டணம் இத்தனை என்று எழுதிவிட்டால் கட்டுரை முடிந்தது. அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் வழியில் ஒரு நண்பர் வீட்டில் எங்களிடம் ஒரு காரியம் ஒப்படைக்கப்பட்டது. அது முதற்கொண்டு நாங்கள் ஊர் பார்க்கப் போனவர்களாக இல்லை. ஆகையால் அதைப் பற்றியே அதிகமாக எழுத நேரும். அன்பர்கள் பொறுத்தருள்க.

2024ஆம் ஆண்டு மே மாதம், பள்ளி விடுமுறையில், நானும் என் மனைவியும், பன்னிரண்டு வயது மகளும் எட்டு வயது மகனுமாக நால்வர் புறப்பட்டோம். அவ்வாண்டு மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களை விசா இன்றி முப்பது நாள் தங்க அனுமதித்திருந்தன. நான்கு பேருடைய விசாக் கட்டணம் மிச்சமாவது ரயில்வே குமாஸ்தாவின் குடும்பத்தில் சிறு செய்தியன்று. கொல்கத்தாவிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். அங்கிருந்து பாங்காக் வரை ரயில். திரும்பும்போது மறுபடி விமானம் என்று திட்டம். "அயல்நாடு போயும் ரயில்தானா?" என்று என் மனைவி கேட்டாள். "நம் ரயிலைப் பார்த்திருக்கிறாய், அவர்கள் ரயிலையும் பார்க்க வேண்டாமா?" என்றேன். அவள் மேலே பேசவில்லை. அதை நான் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன்.

மலேசியாவில் எங்களுக்கு இருந்த நண்பர் அந்நாட்டு ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2016இல் தம் மனைவியாரோடு காசி யாத்திரைக்கு வந்தபோது ஹௌராவில் இடம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். இருவரும் தங்களுக்குள் தமிழ் பேசியது முன்பதிவுச் சாளரத்தின் இப்புறம் இருந்த என் காதில் விழுந்தது. வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு என்பதை அவர்கள் அறியார். நான் செய்த உதவி அதைச் சொன்னது மட்டுமே. அதற்கு அவர் காட்டிய நன்றியோ எட்டு ஆண்டுகள் ஓயவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் தொலைபேசியில் அழைப்பார், "எப்போது வருகிறீர்கள்?" என்பதே முதற் கேள்வியாக இருக்கும்.

கோலாலம்பூரில் இரண்டு நாள் தங்கினோம். பத்துமலைக்குப் போனோம். 2006இல் நிறுவிய முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம்; குகைக் கோயிலுக்கு ஏறும் படிகள் 272. மகன் எண்ணிக்கொண்டே ஏறி, நடுவில் குரங்கைக் கண்டு கணக்கை விட்டுவிட்டான். கணக்கை முடிக்க வேண்டுமென்று இறங்கும்போது மறுபடி எண்ணினான். 1910இல் கட்டிய பழைய ரயில் நிலையத்தையும் பார்த்தோம். ஹப்பக் என்ற ஆங்கிலேயர் வரைந்த கட்டடம் அது. கும்மட்டங்களும் சிறு கோபுரங்களுமாக, நம் சென்னை எழும்பூரைப் பார்த்தவர்களுக்கு உறவினர் வீட்டுக்கு வந்தது போலிருக்கும். 2001 முதல் நெடுந்தூர வண்டிகளுக்குப் புதிய சென்ட்ரல் நிலையமே தலைமை இடமாகிவிட்டது. பழைய நிலையத்தில் புறநகர் வண்டிகளும் புறாக்களும் மிஞ்சியிருக்கின்றன.

மலேசியாவின் இருப்புப்பாதை மீட்டர் அளவு கொண்டது. நம் நாட்டில் மீட்டர் பாதையை அநேகமாக முழுதும் பிடுங்கி அகலப்படுத்திவிட்டோம். அவர்களோ அதே மீட்டர் பாதையில் மின்சார வண்டியை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள். அந்த வண்டியில் வடக்கே ஈப்போவைக் கடந்து சுங்கை சிப்புட்டில் இறங்கினோம். நண்பரும் அவர் மனைவியாரும் நிலையத்தில் காத்திருந்தார்கள்.

சுங்கை சிப்புட்டைச் சுற்றிலும் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். பல இடங்களில் இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தவர்கள் 'தாமான்' என்னும் வீட்டுமனைக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். நண்பர் வீடும் அத்தகையதே. மறுநாட் காலை அவர் மனைவியார் என் மனைவியிடம், "பசியாறிவிட்டுக் குளிக்கிறீர்களா, குளித்துவிட்டுப் பசியாறுகிறீர்களா?" என்று கேட்டார். காலை உணவு உண்பதற்கு அங்கே 'பசியாறுதல்' என்று பெயர். நாம் 'டிபன்' என்று சொல்லிப் பழகியதை நினைத்து எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. இடியப்பமும் தேங்காய்ப்பாலும், மகன் கேட்டபோதெல்லாம் மைலோவும் வந்துகொண்டிருந்தன.

நண்பரின் தாயாருக்கு வயது எண்பத்தாறு. முழங்கால் வலியால் நடமாட்டம் குறைந்தவர், பேச்சில் குறைவில்லை. முதல் நாள் மாலை என்னை அருகில் உட்காரவைத்து, "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். ரயில்வேயில் குமாஸ்தா என்றேன். "அப்போ கிராணின்னு சொல்லுங்க!" என்று சிரித்தார். தோட்டத்தில் எழுத்து வேலை பார்ப்பவருக்குக் கிராணி என்று பெயர். விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் 'பிரட்டு'. அந்தப் பெயர்கள் எழுதிய ஏடு 'செக்ரோல்'. அதில் பெயர் இருந்தால் சம்பளம் உண்டு, அரிசி உண்டு. இரண்டு நாளும் அவர் என்னைக் கிராணித் தம்பி என்றே அழைத்தார்.

இரவு உணவுக்கு மருமகள் மரவள்ளிக்கிழங்கு வறுத்து வைத்தார். எல்லோரும் தின்றோம், தாயார் மட்டும் தொடவில்லை. "ஜப்பான்காரன் காலத்துல தின்னது இன்னும் செரிக்கல" என்றார். அதிலிருந்து பேச்சு தொடங்கியது.

1943இல் அவருக்கு ஐந்து வயது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆட்கள் வேண்டுமென்று தோட்டத்துக்கு வந்தார்கள். மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று முதலில் ஆசை காட்டினார்களாம். ஆசைக்கு ஆள் குறைந்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய தந்தையாரைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றியதை அவர் பார்த்திருக்கிறார். "அப்பா முகம் ஞாபகமில்லை, தம்பி. தோள்ல கெடந்த செவப்புத் துண்டு மட்டும் ஞாபகமிருக்கு" என்றார். கிராணி செக்ரோலில் அந்தப் பெயருக்கு எதிரே 'சயாம்' என்று எழுதிவைத்தாராம். அதன்பின் அந்தப் பெயருக்கு எதிரே வேறெதுவும் எழுதப்படவில்லை. போர் முடிந்து திரும்பி வந்த ஒருவர், வாந்திபேதி கண்டு அவர் இறந்ததையும், இறக்குமுன் இரவெல்லாம் தண்ணீர் கேட்டதையும், பயந்து யாரும் அருகில் போகாததையும் இவருடைய தாயாரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த ரயில் பாதையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூஸயாத் வரை 415 கிலோமீட்டர், மலையும் காடும். 1942இல் தொடங்கி, 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். மூன்று நாடுகளிலும் ஒரே மீட்டர் பாதையாதலால், மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பிடுங்கி அந்தத் தண்டவாளங்களையே அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் அளவில் இருந்தார்கள். அவர்களில் இறந்தவர் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களில் பெருந்தொகையினர்.

நாங்கள் பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரிக்குப் போய் அந்தப் பாலத்தைப் பார்க்கப் போகிறோம் என்று மகள் சொல்லியிருந்தாள். இரண்டாம் நாள் இரவு தாயார் ஒரு குளிர்பானப் போத்தலில் வீட்டுக் குழாய்த் தண்ணீரை நிறைத்து மூடி என் மனைவியிடம் கொடுத்தார். "அங்க தமிழாளுங்களுக்குக் கல்லு நட்டிருக்காங்களாம். அப்பா பேரைச் சொல்லி இதை ஊத்திட்டு வாங்க" என்றார்.

நண்பர் குறுக்கிட்டு விளக்கினார். பல ஆண்டுகளுக்கு முன்பு அவர் ஒருமுறை காஞ்சனபுரிக்குப் போனாராம். அப்போது அந்தக் கல் இல்லை. எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் பாலத்தடியில் ஆற்றிலேயே ஊற்றிவிட்டு வந்துவிட்டார். தாயாருக்கு அது மனம் ஒப்பவில்லை. "ஆத்துக்குப் போய் எவனாச்சும் தண்ணி ஊத்துவானா?" என்று அன்றும் கேட்டார். மறுபடி போகலாமென்றால் தாயாரைத் தனியே விட்டுவர நண்பருக்குத் துணிவில்லை.

என் மனைவி போத்தலைக் கையில் வாங்காமல் தயங்கினாள். "நாங்கள் உறவு முறை இல்லையே, பாட்டி. நாங்கள் ஊற்றலாமா?" என்றாள்.

"தாகத்துக்கு முறை பாப்பாங்களா, அம்மா?" என்றார் அவர்.

பிறகு தந்தையாரின் பெயரை ஒரு தாளில் எழுதச் சொன்னார். நான் எழுதுகோலை எடுத்தேன். மகள் தானே எழுதுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் எழுதப் படித்தவள். இரண்டு இடத்தில் அடித்து எழுதினாள். தகப்பனார் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார் தாயார், எழுதினாள். அந்தப் பெயர் அந்தக் குடும்பத்தாருடையது, இங்கே அச்சிடவில்லை.

மறுநாள் வண்டி தைப்பிங்கைக் கடந்தது. மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. இதை நான் சொன்னபோது கேட்பார் ஒருவரும் இல்லை. எல்லையாகிய பாடாங் பெசாரில் ஒரே நிலையத்துக்குள் இரு நாட்டு அதிகாரிகளும் இருக்கிறார்கள். மலேசியாவை விட்டுச் சில அடி நடந்தால் தாய்லாந்து. அங்கே ஓர் அதிகாரி போத்தலைத் தூக்கிப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்தார். தண்ணீர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குடிக்கும்படி சைகை காட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் விழிக்க, மகள் இரு கைகளையும் கூப்பிக் கண்ணை மூடிக் காட்டினாள். கோயில் தீர்த்தம் என்று நினைத்திருக்க வேண்டும். அவரும் கைகூப்பிப் போத்தலைத் திருப்பித் தந்தார்.

மாலையில் புறப்படும் அந்த வண்டி மறுநாட் காலை பாங்காக் சேரும். பணியாள் ஒருவர் வந்து இருக்கைகளை இழுத்துப் படுக்கையாக்கி, விரிப்பு விரித்துத் தருகிறார். நம் வண்டிகளில் மத்தியப் படுக்கையைத் தூக்குவதற்கு நடக்கும் வாக்குவாதங்களை எண்ணிக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன். நடு இரவில் ஒரே கூச்சல். மகன் தாகமெடுத்து எழுந்து இருட்டில் கைக்கு அகப்பட்ட போத்தலைத் திறந்துவிட்டான். மகள் மேற்படுக்கையிலிருந்து குதித்து அதைப் பறித்துவிட்டாள். "ஒரு வாய்தானே!" என்று அவன் அழ, "ஒரு சொட்டுக்கூடக் கிடையாது" என்று இவள் சொல்ல, எதிர்ப்படுக்கைச் சீனக் கிழவர் எழுந்து தம்மிடமிருந்த தண்ணீரை அவனுக்குக் கொடுத்தார். அன்று முதல் போத்தல் மகளின் பள்ளிப் பைக்குள் இருந்தது.

பாங்காக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அரண்மனையும் மரகத புத்தர் ஆலயமும் எல்லோரும் பார்ப்பவை, நாங்களும் பார்த்தோம். வெயிலில் மகன் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு துள்ளினான். முன்பு கொல்கத்தாவில் எங்கள் தெருவில் குடியிருந்த இராமநாதபுரத்து முஸ்லிம் அன்பர் ஒருவர் சீலோம் பகுதியில் இரத்தினக் கல் வாணிபம் செய்கிறார். அவர் வீட்டில் தங்கினோம். என் மனைவி புலால் உண்ணாதவள் என்பதால் அவர் மனைவியார் இரண்டு நாளும் வீட்டில் மீன் வாங்கவில்லை. அவரே எங்களைச் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் கட்டிய கோயில். வணங்க வருபவரில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்களும் சீனருமே. அர்ச்சனைத் தட்டில் மாம்பழமும் சாமந்தியும் தாமரை மொட்டும் இருந்தன. போத்தலின் கதையைக் கேட்ட அந்த அன்பர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, நாங்கள் வழி கேட்பதற்காக, கல் இருக்கும் ஆலயத்தின் பெயரைத் தாய் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு காஞ்சனபுரிக்கு வண்டி. மூன்றாம் வகுப்பு மட்டுமே. வெளிநாட்டாருக்கு எவ்வளவு தூரமானாலும் நூறு பாட். சாளரங்கள் திறந்தபடி, வாழைப்பழ வறுவலும் குளிர்ந்த தேநீரும் விற்கும் பெண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் பாசஞ்சர் வண்டி போலவே இருந்ததால் மனைவிக்கு அந்த வண்டிதான் மிகவும் பிடித்தது.

காஞ்சனபுரி நிலையத்துக்கு அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம். புல்தரை நேற்றுத்தான் வெட்டியது போல் இருந்தது. 6,982 போர்க் கைதிகள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகத் தாழ்ந்த கற்கள். பெயர் தெரிந்தவர் கல்லில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. பலவற்றில் தாயோ மனைவியோ எழுதச் சொன்ன ஒரு வரி. மகள் வயதுகளை மட்டும் படித்துக்கொண்டு போனாள்: இருபத்திரண்டு, இருபத்து நான்கு, பத்தொன்பது. இன்னார் பிள்ளை என்று பாராமல் துக்கப்பட வேண்டிய இடம் அது; நாங்களும் துக்கப்பட்டோம்.

இத்தனை பெயர்கள் எப்படிக் கிடைத்தன என்று என் தொழில் புத்தி கேட்டது. கைதிகளின் அதிகாரிகள் காவலருக்குத் தெரியாமல் இறந்தவர் பட்டியலை எழுதி ஒளித்து வைத்திருந்தார்கள். 1945 செப்டம்பரில் ஒரு சிறு குழு பாதை நெடுகச் சென்று, 144 இடங்களில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. அகப்படாமல் போனவை 52 மட்டுமே. காட்டுக்குள், மழைக்குள், இரண்டு ஆண்டுக்குப் பின்! நாள்தோறும் வண்டிக்கு வண்டி பெயர்ப்பட்டியலோடு பழகும் நான் அந்த வேலையின் அருமையை அறிவேன்; அதை எழுதிய கைகளை மனத்தால் வணங்கினேன். ஆனால் நம்மவர்க்கு அங்கே பட்டியல் எழுத யார் இருந்தார்கள்? கிராணி தோட்டத்தோடு நின்றுவிட்டார். வாந்திபேதி வந்தபோது கூட்டம் கூட்டமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். தப்பியவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். 1990இல்கூட இந்நகரத்து வயல் ஒன்றில் குழி தோண்டியபோது ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. எவருடைய எலும்பு எது என்று யாரால் சொல்ல முடியும்?

பாங்காக் அன்பர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினோம். ஒரு பெண்மணி கையைப் பிடித்து அழைத்துச் செல்லாத குறையாக வழி காட்டினார். தூரமில்லை, வாட் தாவொர்ன் வராராம் என்னும் பௌத்த ஆலயம். பாதை போட்டு மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு அவ்வளாகத்தில் நினைவிடம் உண்டு. தமிழர் அமைப்புகளின் முயற்சியால் 2023இல் தமிழ்த் தொழிலாளர்க்கென்று நடுகல்லும் அங்கே நாட்டப்பட்டது.

அப்போது நண்பகல். வேறு பயணிகள் யாருமில்லை. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. மனைவி நிலையத்தருகில் வாங்கிய சாமந்திச் சரத்தை வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். காற்றில் இரண்டு முறை அணைந்து மூன்றாம் முறை நின்றது. மகள் தாளை எடுத்துப் பெயரைப் படித்தாள். குரல் எழவில்லை. "சத்தமாய்ப் படி" என்றேன். மறுபடி, தகப்பனார் பெயரோடு, உரக்கப் படித்தாள். மகன் போத்தலைத் தானே ஊற்றுவேன் என்றான். அதைத் தடுக்க மகளுக்கு மனம் வரவில்லை. அவன் இரு கைகளாலும் பிடித்து மெல்லச் சாய்த்தான். சுட்ட தரையில் தண்ணீர் விழுந்தவுடன் மண் அதை இழுத்துக்கொண்டது. கடைசியில் போத்தலைக் கவிழ்த்துத் தட்டினான்.

மாலை வண்டியில் பாலத்தைக் கடந்து நாம் டோக் வரை போனோம். பாலத்தின் வளைந்த இரும்புக் கண்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை. போரில் குண்டு விழுந்து உடைந்த பகுதியில் மட்டும் நேரான உத்திரங்கள். சுற்றுலாக்காரர்கள் பாலத்தின் மேல் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1957இல் வந்த ஆங்கிலப் படத்தால் வந்த புகழ் இது. அந்தப் படத்தை எடுத்தது இலங்கையில். அதில் நம் தோட்டத் தொழிலாளரின் கதை இல்லை. தாம் கிராசே என்னுமிடத்தில் பாதை, பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே மரத்தூண்களின் மேல் செல்கிறது. வண்டி நடப்பவர் வேகத்தில் ஊர்ந்தது. கட்டைகள் முனகுவது காதில் விழுந்தது. வழக்கமாக இத்தகைய இடத்தில் தூண் எத்தனை, நீளம் எவ்வளவு என்று எண்ணத் தொடங்கும் நான் அன்று எண்ணவில்லை. நாம் டோக்கோடு பாதை நின்றுவிடுகிறது. அதற்கப்பால் போட்டதைப் போருக்குப்பின் பிடுங்கிவிட்டார்கள்.

இரவு விடுதிக்குத் திரும்பிச் சுங்கை சிப்புட்டுக்குத் தொலைபேசியில் பேசினோம். தாயார் மகளைக் கூப்பிடச் சொன்னார்.

"முழுக்க ஊத்துனீங்களா?"

"முழுக்க ஊற்றினோம், பாட்டி."

"பேரைச் சத்தமாச் சொன்னியா?"

"சொன்னேன்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ரயில்ல சின்னத் தம்பி தண்ணி கேட்டு அழுதானாமே, வேற தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டார். ஒரு சீனத் தாத்தா கொடுத்தார் என்று மகள் சொன்னாள். "சரி சரி" என்றார். அங்கே அன்று நல்ல மழையாம். துணியெல்லாம் நனைந்துவிட்டதென்று மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டே தொலைபேசியை மகனிடம் கொடுத்துவிட்டார்.